வவுச்சர்: கூப்பிட்டால் வந்து நிற்பவர்

நம் ஊர் அலுவலகங்களில் வவுச்சர் என்றால் செலவுக்கணக்குத் தாள். ஆட்டோவுக்கு 80 ரூபாய், டீக்கு 40 ரூபாய் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் போட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் வீடு தேடும் ஒருவர் ‘என்னிடம் வவுச்சர் இருக்கிறது’ என்றால் கதையே வேறு. குறைந்த வருமானக்காரரின் வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டும் என்பதற்கான சீட்டு அது. பல வீட்டுக்காரர்கள் அந்த ஒரு சொல்லோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள்.

சொல்லின் வேர் லத்தீனில் ‘வோகாரே’, அதாவது கூப்பிடுதல். பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து நீதிமன்றங்களுக்கு வந்தபோது ‘வவுச்சர்’ தாளைக் குறிக்கவில்லை. அது ஒரு செயலின் பெயர். நிலம் உன்னுடையது அல்ல என்று யாராவது வழக்குப் போட்டால், அதை விற்றவரையே மன்றத்துக்குக் கூப்பிட்டு ‘இவர் உரிமைக்கு நான் பொறுப்பு’ என்று சொல்லவைப்பது. சான்றுக்கான தாள் என்ற பொருள் அப்புறம் வந்ததுதான். ஆக, வீடு நிலத்தோடு இந்தச் சொல்லுக்குப் பழைய உறவு உண்டு.

அமெரிக்க வாடகை வவுச்சரும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது. 1937ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 8ஆம் பிரிவை 1974இல் திருத்தி எழுதியதில் தொடங்கிய திட்டம் இது. பேச்சுவழக்கில் ‘செக்‌ஷன் எய்ட்’. குடியிருப்பவர் தம் வருமானத்தில் சுமார் 30 விழுக்காட்டை வாடகையாகக் கட்டுவார். ஒரு வரம்புக்குள் மிச்சத்தை உள்ளூர் வீட்டுவசதி முகமை நேராக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடும். அரசே பொறுப்பு நிற்கிற வாடகை! ஆனாலும் வேண்டாம் என்கிறார்கள். குடிவைக்கும் முன் வீட்டைச் சோதிக்க ஆள் வருவார், தாள்வேலை இழுக்கும் என்பவை சொல்லப்படும் காரணங்கள். கொஞ்சம் உண்மையும் உண்டு. சொல்லப்படாத காரணங்கள் ஏழ்மையும் நிறமும்.

2018இல் வெளியான ஓர் ஆய்வுக்காக வீட்டுக்காரர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள். டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரில் 78 விழுக்காட்டினர் வவுச்சரை மறுத்தார்கள், தலைநகர் வாஷிங்டனில் 15. வாஷிங்டனில் மறுப்பதற்குத் தடை உண்டு. தடை இருந்தும் பிலடெல்பியாவில் 67 என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இந்த மறுப்புக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயரை அப்படியே தமிழாக்கினால் ‘வருமான மூலப் பாகுபாடு’. இலக்கணப்படி சரி. ஆனால் ‘மூலம்’ என்றதும் வைத்தியர் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. ‘வருமான வழிப் பாகுபாடு’ நல்லது. பாரபட்சம் என்று எழுதுவதைவிடப் பாகுபாடு என்பதே பொருந்தும்: முன்னது ஒருவர் பக்கம் சாய்வது, பின்னது ஒருவரைப் பிரித்து ஒதுக்குவது. 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றைச் சொன்னது. பால், உடற்குறை, குழந்தைகள் இருப்பது எல்லாம் பிறகு சேர்ந்தன. வருமான வழி சேரவில்லை. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு. கலிபோர்னியாவில் 2020 முதல் வவுச்சரைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது. வாடகையைப்போல் மூன்று மடங்கு சம்பளம் கேட்பதாக இருந்தாலும், குடியிருப்பவர் கட்டும் பங்கை மட்டும் வைத்தே கணக்குப் பார்க்கவேண்டும். டெக்சாஸோ, ஆஸ்டின் நகரம் இப்படியொரு தடை கொண்டுவந்ததும், நகரங்கள் அப்படிச் செய்யவே கூடாது என்று 2015இல் சட்டம் போட்டது.

சரி, வவுச்சருக்குத் தமிழ் என்ன? சிங்கப்பூரில் பற்றுச்சீட்டு என்கிறார்கள். ஆனால் அது இலங்கையில் பணம் கட்டியதற்கான ரசீது, குழப்பம் வரும். ‘உதவிச்சீட்டு’ எளிது, ஆனால் கை நீட்டி வாங்கியதுபோல் ஒலிக்கிறது. வேர்ப்பொருளை வைத்துப் பார்த்தால் ‘வாடகை உறுதிச்சீட்டு’ என்பேன். பணம் வரும் என்று ஒருவர் பொறுப்பு நிற்பது அதில் இருக்கிறது. ‘செக்‌ஷன் எய்ட் கிடையாது’ என்று வீட்டுக்காரர்கள் வாடகை விளம்பரத்தில் போடும் வாசகத்தை மட்டும் தமிழாக்காமல் அப்படியே எழுதலாம். அங்கே ‘செக்‌ஷன் எய்ட்’ சட்டப்பிரிவின் எண் அல்ல, வசை.