சரிவு சொல்லும் கதை: நீல முள்ளெலி வாய் திறக்காமல் பேசுவது எப்படி?

குன்னூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மழைக்குப் பள்ளி லீவு விட்ட நாளெல்லாம் என் மகன் அந்த நீல முள்ளம்பன்றி கேமை விட்டு நகரவில்லை. ரொம்பப் பழைய கேம். அதில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்தால் முழுக் கதையும் சொல்கிறான். யார் கெட்டவன், யார் ஏமாந்தவன், யார் மனசு மாறினான் என்பது வரை. வாயே திறக்காத கேம் இவனுக்குக் கதை சொன்னது எப்படி?"

பதிலுக்கு முன் ஒரு திருத்தம். அந்த கேமின் நாயகன் சோனிக் முள்ளம்பன்றி அல்ல, முள்ளெலி. நீலகிரியில் உருளைக்கிழங்குத் தோட்டத்தை ராத்திரியில் தோண்டிவிட்டுப் போகிறதே, அதுதான் முள்ளம்பன்றி. மிரட்டினால் முள்ளை விரித்துக்கொண்டு பின்பக்கமாகப் பாயும், பந்தாகச் சுருளாது. முள்ளெலி உள்ளங்கையில் அடங்கும் பிராணி. அதன் முதுகுத் தோலின் விளிம்பைச் சுற்றி வளையமாக ஒரு தசை ஓடுகிறது. பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் நாடாவை இழுத்தால் வாய் மூடிக்கொள்வதுபோல, அந்தத் தசை இறுகியதும் தலை, கால், வயிறு எல்லாம் உள்ளே போய்விடும்; வெளியே முள் மட்டும். தமிழ்நாட்டின் வறண்ட சமவெளிகளில், தென்னிந்தியாவுக்கே உரிய ஒரு முள்ளெலி இனம் உண்டு. அதன் முள்ளைச் சுட்டுப் பொடித்து இருமலுக்குக் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. முள் என்பது கெரட்டின், நம் நகத்தில் இருக்கும் அதே பொருள். நகத்தைச் சுட்டுத் தின்றால் இருமல் நிற்காது. முள்ளைச் சுட்டாலும் நிற்காது. இந்த மூடநம்பிக்கைக்காக ஒரு பிராணி சாவது கொடுமை. புலிக்கும் யானைக்கும் ஒதுக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு சிறு பங்காவது இந்தச் சின்ன உயிர்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி கேமுக்கு வருவோம். முதல் 'சோனிக்' 1991 ஜூனில் சேகா நிறுவனத்தின், டிவியில் இணைத்து ஆடும் மெகா டிரைவ் கருவிக்காக வெளிவந்தது. நிரல் எழுதியவர் யுஜி நாகா, உருவம் வரைந்தவர் நவோட்டோ ஓஷிமா, லெவல்களை அமைத்தவர் ஹிரோகாசு யசுஹாரா. ஓட்டத்தை நிறுத்தாமலே எதிரியைத் தாக்கும் நாயகன் அவர்களுக்குத் தேவைப்பட்டான். சுருண்டு பந்தாகும் பிராணி அதற்கு வாகாக அமைந்தது.

இந்த வரிசை கேம்களின் கதை மரபுகளில் பல எளிதானவை. வில்லன் ஒரு விஞ்ஞானி. காட்டுப் பிராணிகளைப் பிடித்து இயந்திரங்களுக்குள் அடைக்கிறான். இயந்திரத்தை உடைத்தால் உள்ளிருந்து ஒரு குருவியோ முயலோ துள்ளி ஓடும். நீங்கள் கொல்லவில்லை, விடுவிக்கிறீர்கள் என்பதை அந்த ஒரு படமே சொல்லிவிடுகிறது. கையில் ஒரு தங்க வளையம் இருந்தால்கூட அடி பட்டாலும் உயிர் போகாது. ஆனால் சேர்த்த வளையங்கள் சிதறும். எத்தனை வைத்திருந்தாலும் அதிகபட்சம் 32 மட்டுமே திரையில் சிதறும். சுமார் 4 வினாடியில் அவையும் மறைந்துவிடும். அடிபட்ட பதற்றமும் எட்டிப் பிடிக்கும் ஆசையும் அந்த 4 வினாடிக்குள் அடங்கிவிடுகின்றன. தண்ணீருக்குள் மூச்சு 30 வினாடி. கடைசி 12 வினாடிக்கு இசை மாறி விரட்டத் தொடங்கும். தலைக்கு மேல் 5, 4, 3 என்று எண்கள் எழும்பும். குமிழியைப் பிடித்தால் பிழைக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சோனிக் நம்மைப் பார்த்துக் காலைத் தட்டுவான். 1993இல் வந்த 'சோனிக் சிடி'யில் 3 நிமிடம் சும்மா விட்டால் பொறுமை இழந்து திரையை விட்டே குதித்துவிடுவான், ஆட்டம் முடிந்துவிடும். 'இவன் பொறுமையில்லாதவன்' என்று எங்கும் எழுதிப்போட அவசியமே இல்லை.

இதையெல்லாம் தாங்கி நிற்பது நிலம். தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. சங்கப் பாட்டில் முல்லை பூத்தது என்றாலே தலைவி காத்திருக்கிறாள் என்று நமக்குப் புரிந்துவிடும். அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். நிலமும் பொழுதும் முதற்பொருள், பறவையும் பூவும் கருப்பொருள், அவை இரண்டும் சுமந்து வரும் உணர்வு உரிப்பொருள். முதல் சோனிக்கின் ஆறு நிலங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். முதல் நிலம் 'கிரீன் ஹில்': வளைந்து நெளியும் பச்சை மேடுகள், பூக்கள், அருவி. நான்காவது 'லாபிரிந்த்': தண்ணீர் நிறைந்த இடிபாடு, வேகம் பாதியாகிவிடும். மூச்சுத் திணறி வெளியே வந்தால் ஐந்தாவது 'ஸ்டார் லைட்': இரவு, விளக்குகள், தடையில்லாத நீண்ட சரிவுகள், ஓடிக்கொண்டே பெருமூச்சு விடலாம். கடைசியாக 'ஸ்கிராப் பிரெய்ன்': ரம்பம், நகரும் பட்டை, பொறிக்கதவு. பெரும்பாலும் மட்டமான தளம். வில்லனின் ஊரில் ஓட விடும் மேடு அரிது.

மேடு ஏன் இவ்வளவு முக்கியம்? இந்த கேமில் எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுதான்.

அந்தக் காலத்தில் இந்த வகை கேம்களில் பெரும்பாலும் நாயகனுக்குக் கிடைமட்ட வேகம் ஒன்று, செங்குத்து வேகம் ஒன்று என இரண்டு எண்கள்தான். மட்டமான தரைக்கு இது போதும். சரிவு வந்தால் கணக்கு உதைக்கும். கிடைமட்டமாக ஒரு பிரேமுக்கு (திரையில் படம் ஒருமுறை மாறும் நேரத்துக்கு) 6 பிக்சல், அதாவது 6 திரைப்புள்ளி, நகரும் உருவத்தை 45 டிகிரி மேட்டில் அப்படியே ஏற்றினால், சரிவின் நீளத்தில் அது கிட்டத்தட்ட 8.5 பிக்சல் போகிறது. அதாவது மேடு ஏறும்போது வேகம் கூடுகிறது! கேம் எழுதப் பழகும் மாணவர்கள் இன்றும் முதலில் விழும் குழி இது.

சோனிக்கில் கால் தரையில் இருக்கும்வரை வேகத்துக்கு ஒரே எண்தான். தரை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும், அந்தத் தரையை ஒட்டி எவ்வளவு வேகம் என்பதைத்தான் அது சொல்லும். 16க்கு 16 பிக்சல் கொண்ட ஒவ்வொரு தரைக்கட்டத்துக்கும் அதன் சாய்வுக் கோணம் நினைவகத்தில் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு பிரேமிலும், அதாவது வினாடிக்கு 60 தடவை, நிரல் செய்யும் வேலை இது: காலுக்குக் கீழே தரை தேடு, கோணத்தை எடு, வேகத்தைக் கோசைனால் பெருக்கினால் கிடைமட்ட நகர்வு, சைனால் பெருக்கினால் செங்குத்து நகர்வு. பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான். மெகா டிரைவின் 68000 சில்லுக்குத் தசமப் புள்ளிக் கணக்கு தெரியாது. அதனால் ஒரு முழு வட்டத்தை 360க்குப் பதில் 256 பங்காகப் பிரித்து, சைன் மதிப்புகளை முன்கூட்டியே அட்டவணையாக எழுதி வைத்துவிட்டார்கள். ஒரு பிக்சலையும் 256 துளியாகப் பிரித்தார்கள்.

அந்தத் துளிக் கணக்கில் பார்த்தால் முழு நாடகமும் சில முழு எண்களில் அடங்கிவிடுகிறது. பட்டனை அழுத்தி ஓடினால் ஒவ்வொரு பிரேமிலும் வேகம் 12 துளி கூடும். ஓட்டத்தின் உச்சம் 1536 துளி, அதாவது 6 பிக்சல். நின்ற இடத்திலிருந்து அதை எட்ட 128 பிரேம், 2 வினாடிக்குச் சற்று மேல். மேட்டில் ஏறும்போது சரிவு ஒவ்வொரு பிரேமிலும் 32ஐக் கோணத்தின் சைனால் பெருக்கி வரும் அளவு வேகத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

12க்கும் 32க்கும் நடக்கும் இந்த இழுபறியை நிதானமாகப் பாருங்கள். 30 டிகிரி மேட்டில் சரிவு 16 பிடுங்கும், கால்கள் 12 கொடுக்கும். நிகர நட்டம் 4. முழு வேகத்தில் வந்தவன் 6 வினாடிக்கு மேல் தாக்குப்பிடிப்பான். 45 டிகிரியில் நட்டம் 10க்கு மேல். இரண்டரை வினாடிக்குள் நின்றுவிடுவான். நட்டமும் லாபமும் சரிக்குச் சரியாக நிற்கும் கோணம் எது? 12ஐ 32ஆல் வகுத்தால் 0.375, அது 22 டிகிரியின் சைன். அதைவிடச் செங்குத்தான மேட்டில் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் வேகம் சேராது. பின்னால் போய், சமதளத்தில் வேகம் பிடித்து, வந்த வேகத்தில் ஏற வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் நம் மலை ரயிலின் மிகக் கடினமான ஏற்றம் 12க்கு 1. 5 டிகிரிக்கும் குறைவு. அதற்கே கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். சோனிக்குக்குப் பல்சட்டம் கிடையாது. கீழிருந்து கொண்டுவந்த வேகம் மட்டுமே முதலீடு.

இறக்கத்தில்தான் முள்ளெலி முள்ளெலியாகிறது. கீழ் பட்டனை அழுத்திச் சுருண்டுவிட்டால் எண்கள் மாறும். உருளும்போது மேடு 32க்குப் பதில் 20 அளவில்தான் பிடுங்கும். பள்ளமோ 80 அளவில் வாரிக் கொடுக்கும். தரை உராய்வும் 12இலிருந்து 6ஆகக் குறையும். 45 டிகிரி சரிவில் ஒரு வினாடி உருண்டால் கிட்டத்தட்ட 12 பிக்சல் வேகம் கூடிவிடும், ஓட்டத்தின் உச்சத்தைப்போல இரண்டு மடங்கு. ஆனால் உருளும்போது பட்டனை அழுத்தி வேகம் கூட்ட முடியாது, பிரேக் மட்டும்தான் போடலாம். இதிலிருந்து வருகிற வழிமுறை: ஏற்றத்தில் பட்டனை விடாமல் ஓடு, உச்சியைத் தாண்டியதும் சுருண்டு உருள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் டிரைவர் கியரைக் குறைத்து எதை அடக்குகிறாரோ, அதையே இந்த விளையாட்டு அவிழ்த்துவிடச் சொல்கிறது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு இடங்கள் சறுக்கும். முதலாவது இறக்கத்தில் தத்துவது. முழு வேகத்தில் ஓடுகிறவனின் காலடியில் சரிவு திடீரென்று கீழே போனால், ஈர்ப்பு ஒரு பிரேமில் இழுப்பது 56 துளிதான், கால் பிக்சல்கூட இல்லை. தரையோ சில பிக்சல் கீழே போயிருக்கும். அப்படியே விட்டால் உருவம் அந்தரத்தில் நின்று, விழுந்து, மறுபடி அந்தரத்தில் என்று படிக்கட்டு இறங்குவதுபோலக் குதிக்கும். அதனால் பாதத்துக்குக் கீழே 14 பிக்சல் வரை நிரல் தரையைத் தேடுகிறது. கிடைத்தால் உருவத்தை இழுத்து ஒட்டிவிடுகிறது. அதற்கும் கீழே என்றால்தான் பறக்க விடுகிறது. இரண்டாவது, தலைகீழாகச் சுற்றிவரும் முழு வட்டப் பாதை. அதில் ஏறும்போது தரை சுவராகி, சுவர் கூரையாகி மறுபடி சுவராகிறது. தரை தேடும் திசையையும் நிரல் நான்கு தடவை திருப்ப வேண்டும். வேகம் 2.5 பிக்சலுக்குக் கீழே போனால் பிடி விட்டு விழுவான். அடுத்த அரை வினாடிக்கு உங்கள் பட்டனும் வேலை செய்யாது. அந்த அரை வினாடியில் குழந்தைகள் நாற்காலியில் பின்னுக்குச் சாய்வதைக் கவனியுங்கள். உடம்புக்குக் கதை புரிந்துவிட்டது.

1992இல் இரண்டாம் கேமில் நின்ற இடத்திலேயே சுழன்று 8 முதல் 12 பிக்சல் வேகத்தில் பாயும் வித்தை சேர்ந்தது. வசதிதான். ஆனால் பின்னால் போய் ஓடிவர வேண்டிய தேவையை அது பாதி பறித்துவிட்டது. முதல் கேமின் மேடுகளுக்கு இருந்த மரியாதை அதன்பின் குறைந்தது என்றே நினைக்கிறேன்.

பையன் சொன்ன "மனசு மாறினவன்" 1994இன் இரண்டு கேம்களில் வருகிறான். ஆண்டுத் தொடக்கத்தில் 'சோனிக் 3', அக்டோபரில் 'சோனிக் அண்ட் நக்கிள்ஸ்'. பின்னதன் கார்ட்ரிட்ஜின் (கருவியில் செருகும் கேம் பெட்டியின்) தலையில் முன்னதைச் செருகினால் இரண்டும் ஒரே நீண்ட கதையாகிவிடும். நக்கிள்ஸ் மிதக்கும் தீவின் காவல்காரன். சோனிக்தான் திருடன் என்று வில்லன் அவனை நம்பவைத்திருக்கிறான். இதுவும் ஒரு வார்த்தையில்லாமல்தான் வருகிறது: தொடக்கத்திலேயே நக்கிள்ஸ் குத்துகிறான், சோனிக் வைத்திருக்கும் மரகதங்களைப் பிடுங்குகிறான், சிரிக்கிறான்.

முதல் நிலத்தின் முடிவில் நடப்பதைக் கிட்டத்தில் பாருங்கள். வில்லனை ஓடவிட்டாயிற்று. கூண்டைத் திறந்து பிராணிகளை விடுவித்தாயிற்று. வெற்றி இசை ஒலிக்கிறது. கட்டுப்பாடு உங்கள் கையை விட்டுப் போய், சோனிக் தானாகவே ஒரு பாலத்தின் மேல் நடக்கிறான். அங்கே நக்கிள்ஸ் ஒரு சுவிட்சை மிதிக்கிறான். பாலம் பொலபொலவென்று உதிர்கிறது. விழுகிறீர்கள், கீழே தண்ணீர், அடுத்த நிலம். திரை இருண்டு புது லெவல் வருவதற்குப் பதில், விழுந்த இடமே அடுத்த அத்தியாயம். பிறகு ஓரிடத்தில் விளக்கை அணைத்துவிட்டுச் சிரிப்பான். சுவிட்ச், சிரிப்பு, வீழ்ச்சி: மூன்று நான்கு தடவை ஆனதும் அவனைக் கண்டாலே கை விறைக்கும்.

மறைந்திருக்கும் அரண்மனையில் இருவரும் மோதி முடிந்ததும் தரை அதிர்கிறது. வில்லன் தீவின் பெரிய மரகதத்தையே தூக்கிக்கொண்டு போகிறான். நக்கிள்ஸ் பாய்கிறான், மின்சாரம் தாக்கி விழுகிறான். அடுத்த நிலம் மேகத்துக்கு மேலே, இடிந்த தூண்களுக்கு நடுவே. நிற்கவும் தெம்பில்லாமல் மூச்சு வாங்கியபடி நக்கிள்ஸ் மறுபடியும் ஒரு சுவிட்சை அழுத்துகிறான். நம் கை பழக்கத்தில் விறைக்கிறது. எதிரே வெற்று வானத்தில், சோனிக் கடந்து போவதற்காக, ஒரு பாலம் உருவாகிறது.