ஹம் வந்தால் எர்த் பின்னைக் கழற்றாதீர்கள்

டிஜிட்டல் கேபிளில் பிட்டுகள்தானே போகின்றன, அதில் எப்படி இரைச்சல் வரும் என்று சர்வீஸுக்கு வருபவர்கள் பலரும் கேட்கிறார்கள். இரைச்சல் பிட்டுகளோடு வருவதில்லை. கம்ப்யூட்டரின் கிரவுண்டையும் டிஏசியின் (டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) கிரவுண்டையும் கோஆக்சியல் கேபிளின் ஷீல்டு, அதாவது வெளி உலோக உறை, இணைத்துவிடுகிறது, மறுபக்கம் ஆம்ப்ளிஃபையரும் எர்த்தில் இருந்தால் வளையம் முழுமையாகி அதில் மின்சாரம் சுற்றத் தொடங்கும். விளைவு, ஸ்பீக்கரில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம், அதாவது விடாத ரீங்காரம்.

உடனே பலர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஹம் நிற்கும், உண்மைதான், ஆனால் உள்ளே லைவ் கம்பி உலோகப் பெட்டியில் பட்டால் ஃபியூஸ் போகாமல் பெட்டியிலேயே மின்சாரம் நிற்கும், தொடுபவர் உயிருக்கே ஆபத்து.

வளையத்தை வெட்ட வேண்டிய இடம் டிஜிட்டல் இன்புட். அங்கே விரல்நுனி அளவில் ஒரு பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் போதும். இரண்டு சுருள்களுக்கும் நடுவே கம்பித் தொடர்பு கிடையாது, சிக்னல் காந்தப்புலம் வழியாகத்தான் கடக்கிறது. டிஜிட்டல் ஆடியோவை அனுப்பும் முறைகளான எஸ்பிடிஃப் (வீட்டுச் சாதனங்களில்), ஏஇஎஸ்3 (ஸ்டுடியோக்களில்) இரண்டும், ஒவ்வொரு பிட்டின் எல்லையிலும் சிக்னல் புரளும் பைஃபேஸ் மார்க் கோடிங்கில் போவதால் சிக்னலில் டிசி (ஒரே திசை மின்சாரம்) இருக்காது, அதனால் டிரான்ஸ்ஃபார்மர் அதைச் சிதைக்காமல் கடத்துகிறது. (யுஎஸ்பி சிக்னல் அப்படி இல்லை, அதற்குத் தனி ஐசோலேட்டர்தான் வேண்டும்.) ஐரோப்பிய ஒளிபரப்பு யூனியன் தன் ஏஇஎஸ்3 வடிவத்தில் டிரான்ஸ்ஃபார்மரைக் கட்டாயமாகவே வைத்திருக்கிறது.

ஆனால் கையில் கிடைக்கிற ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரை அங்கே போடாதீர்கள். அது 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் செய்யப்பட்டது, 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவிலேயே இந்த லைனில் நொடிக்கு 30 லட்சம் பிட்டுகளுக்கு மேல் ஓடுகின்றன. பல்ஸின் விளிம்புகள் மழுங்கினால் ஜிட்டர் (பிட்டுகளின் நேரத் தடுமாற்றம்) கூடும், லாக் விட்டுப்போகும், அதாவது டிஏசி சிக்னலைப் பிடித்து வைக்க முடியாது. சுருள்களுக்கு இடையிலான கெபாசிட்டன்ஸும் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹம் நின்றாலும் கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் உயர் அதிர்வெண் இரைச்சல் அது வழியாகவே கசிந்து வந்துவிடும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது இன்னொன்று. சில சாதனங்களில் நல்ல டிரான்ஸ்ஃபார்மரே இருக்கும், ஆனால் இன்புட் சாக்கெட்டின் வெளிவளையத்தை நேராக சேசிஸில் (சாதனத்தின் உலோகப் பெட்டியில்) முடுக்கியிருப்பார்கள். பிரித்த கிரவுண்டு அங்கேயே மறுபடி சேர்ந்துவிடுகிறது, டிரான்ஸ்ஃபார்மர் இருந்தும் பயனில்லை. இதை வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். எல்லாக் கேபிள்களையும், பவர் கார்டையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை கண்டின்யூட்டியில் வைத்து டிஜிட்டல் சாக்கெட்டின் வெளிவளையத்துக்கும் அனலாக் அவுட்புட்டின் வெளிவளையத்துக்கும் நடுவே பாருங்கள், அப்புறம் சேசிஸோடும். பீப் வந்தால் அந்த இன்புட் தனிமைப்படவில்லை. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் டெக்னீஷியனிடம் சொல்லி சாக்கெட்டை சேசிஸிலிருந்து பிரித்துப் பொருத்தலாம். டிரான்ஸ்ஃபார்மரே இல்லையென்றால், சிக்னல் கம்பியில் இல்லாமல் ஒளியாக வரும் ஆப்டிகல் இன்புட்டுக்கு மாறுங்கள்.