ஏலகிரியின் மேகமும் தங்கவயலின் வெக்கையும்

சென்னை சென்ட்ரலிலிருந்து பெங்களூரு செல்லும் ரயில் பாதையில், விடியலில் புறப்பட்டால் ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பக்கூடிய இரண்டு இடங்கள் உள்ளன. ஜோலார்பேட்டையில் இறங்கினால் ஏலகிரி மலையும் அதன் மேலுள்ள புங்கனூர் ஏரியும். அங்கிருந்து குப்பத்தைக் கடந்து பங்காருபேட்டைக்குச் சென்று, மாரிக்குப்பம் கிளைப் பாதைக்கு மாறினால் கோலார் தங்கவயல். முன்னது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பின்னதில் மனிதர் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். ஏரிக்கரையின் குளிர்ச்சியையும் சுரங்கத்தின் வெக்கையையும் தொடர்பற்ற இரண்டு செய்திகளாகவே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தபோதுதான், இரண்டுக்கும் பின்னால் காற்றின் அழுத்தம் என்ற ஒரே காரணம் நிற்பது எனக்குத் தெளிவாயிற்று.

மலையடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து, புலவர்களின் பெயர்களையும் வள்ளல்களின் பெயர்களையும் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போகும்போது, சென்னையில் வாங்கிப் பையில் வைத்த சிப்ஸ் பொட்டலம் பந்துபோல் உப்பிவிடுகிறது. பொட்டலத்துக்குள் இருப்பது சென்னைக் காற்றின் அழுத்தம்; வெளியே இருப்பது ஏலகிரிக் காற்றின் அழுத்தம். நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதின் எடையே நாம் உணரும் அழுத்தம். 1,100 மீட்டர் ஏறும்போது அந்த அளவு காற்று நமக்குக் கீழே தங்கிவிடுவதால், அழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைகிறது.

மலைச் சரிவில் மோதி மேலேறும் காற்றுக்கும் இதுவே நேர்கிறது, ஆனால் அதைக் கட்டுப்படுத்தப் பொட்டலம் எதுவும் இல்லை. வெளியழுத்தம் குறையக் குறைய அது சுற்றியுள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு விரிகிறது. தள்ளுவது ஒரு வேலை. வேலைக்கு ஆற்றல் வேண்டும். வேறெங்கிருந்தும் வெப்பம் கிடைக்காத நிலையில், அந்த ஆற்றலைக் காற்று தன்னுடைய வெப்பத்திலிருந்தே செலவிடுகிறது. இப்படி விரியும் உலர்ந்த காற்று, ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சுமார் 9.8 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. போதிய அளவு குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி துளிகளாகத் திரண்டு மேகமாகிறது. திரளும்போது நீராவி வெளியிடும் வெப்பம் குளிர்ச்சியின் வேகத்தைத் தணிக்கிறது. இவையெல்லாம் சேர்ந்து, வளிமண்டலத்தின் சராசரி வெப்பக் குறைவு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி அளவில் நிற்கிறது. கோடையில் ஏலகிரி நமக்குத் தருவது ஏழு டிகிரி ஆறுதல்தான் என்று கணக்குப் போட்டுச் சொன்னால் சிறிதாகத் தோன்றலாம். சென்னையின் மே மாதப் பிற்பகலை அனுபவித்தவர்களுக்கு அந்த ஏழின் மதிப்பு தெரியும்.

இனி தங்கவயல். ரயிலிலிருந்து இறங்கியவுடன் கண்ணில் படுவது, தாதுவை அரைத்துச் சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண்ணின் வெளிர் நிற மேடுகள். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால் வைத்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் 800 டன் அளவுக்குத் தங்கம் எடுக்கப்பட்டது. அதை வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். இன்றும் அந்த ஊர்த் தெருக்களில் தமிழே காதில் விழுகிறது.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3.2 கிலோமீட்டர். அங்கே பாறையின் வெப்பம் 65 டிகிரியை ஒட்டியிருந்தது. பூமியின் உட்புற வெப்பம் மேல்நோக்கிக் கசிவதால் ஆழம் கூடக்கூடப் பாறை சூடாகும் என்பது பலரும் அறிந்தது. உண்மையில், தென்னிந்தியாவின் பழம்பெரும் பாறைத்தளம் மிகவும் ஆறிப்போன ஒன்று. கண்டங்களின் சராசரி கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி என்றால், இங்கே அதில் பாதிகூட இல்லை. அந்தத் தயவு இல்லாதிருந்தால் இவ்வளவு ஆழத்துக்கு மனிதர் போயிருக்கவே முடியாது.

ஆனால் பாறையின் சூடு கதையில் ஒரு பாதி மட்டுமே. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் தொட்டுப் பார்த்திருக்கிறோம். தொழிலாளர்கள் மூச்சுவிடுவதற்காகத் தண்டுக்குழி (சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குழி) வழியே கீழே அனுப்பப்படும் காற்றும் அப்படித்தான் அமுக்கப்படுகிறது. கீழே போகப்போக மேலுள்ள காற்றுத் தூணின் எடை கூடி, 3.2 கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தம் சென்னைக் கடற்கரையில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காகிவிடும், உப்பிய சிப்ஸ் பொட்டலம் அங்கே சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அமுக்கப்படும் காற்று, ஏலகிரியில் இழந்த அதே கணக்கில், கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வெப்பத்தைப் பெறுகிறது. ஆகவே மேற்பரப்பில் 27 டிகிரியில் நுழையும் உலர்ந்த காற்று, எந்தப் பாறையையும் தொடாமலேயே, அடியைச் சேரும்போது 58 டிகிரி அளவுக்குச் சூடேறியிருக்கும்.

நடைமுறையில் அவ்வளவு ஏறுவதில்லை. சுரங்கச் சுவர்களில் கசியும் நீரும், துளையிடும்போது தூசியை அடக்கத் தெளிக்கும் நீரும் ஆவியாகி வெப்பத்தில் ஒரு பகுதியை உண்டுவிடுகின்றன. வெப்பமானி குறைவாகக் காட்டும். ஆனால் உடலுக்கு அது பெரிய ஆறுதல் அன்று. கடினமாக உழைக்கும் மனித உடல் தன் வெப்பத்தை வெளியேற்றப் பெரிதும் நம்பியிருப்பது வியர்வை ஆவியாவதையே. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை வழியும், ஆனால் உலராது. சென்னையின் புழுக்கத்தில் நாம் மின்விசிறியின் அடியில் உட்கார்ந்துகொண்டு சலித்துக்கொள்ளும் அதே நிலையில், தங்கவயல் தொழிலாளி பாறையைத் துளையிட்டார். இதனால்தான் ஆழமான சுரங்கங்களுக்கு விசிறிகள் மட்டும் போதுவதில்லை; காற்றைக் குளிர்வித்தும் உலர்த்தியும் அனுப்ப வேண்டியிருந்தது.

காற்றைவிடப் பன்மடங்கு கனமானது பாறை. 3 கிலோமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 800 கிலோவுக்கு மேற்பட்ட எடை அழுத்துகிறது. அங்கே ஒரு வெற்றிடத்தை வெட்டினால், அது தாங்கியிருந்த சுமை பக்கத்துப் பாறைக்கு மாறுகிறது. தாங்க முடியாத பாறை குண்டுபோல் வெடித்துச் சிதறுகிறது. தங்கவயலில் இத்தகைய பாறை வெடிப்புகள் பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றன. அவற்றின் அதிர்வை மேலே வீடுகளில் இருந்தவர்களும் உணர்ந்தார்கள்.

தங்கம் அங்கே வந்த விதம் இன்னும் வியப்பானது. சுமார் 270 கோடி ஆண்டுப் பழமை கொண்ட எரிமலைப் பாறைகள், கோலார் வட்டாரத்தில் வடக்கு தெற்காக 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டையாகக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் பூமியின் ஆழத்திலிருந்து, சில நூறு டிகிரி வெப்பமும் பெரும் அழுத்தமும் கொண்ட நீர் இந்தப் பட்டையின் விரிசல்கள் வழியே மேலேறியது. அந்த நீரில் கந்தகத்தோடு பிணைந்து தங்கம் கரைந்திருந்தது. மேலேறும்போதும், நிலநடுக்கத்தில் விரிசல் திடீரென்று அகலும்போதும் அழுத்தம் விழுந்தது, கந்தகம் பிரிந்தது, அதுவரை கரைந்திருந்த தங்கமும் குவார்ட்ஸும் விரிசலின் சுவர்களில் படிந்தன. அதற்குரிய வேதியியல் வேறு என்றாலும், மேலேறிய காற்றிலிருந்து நீர்த்துளி பிரிவதற்கும், மேலேறிய நீரிலிருந்து தங்கம் பிரிவதற்கும் தொடக்கம் ஒன்றே: சுமந்து வந்ததன் மேலிருந்த அழுத்தம் குறைந்தது.

இன்று தண்டுக்குழிகளின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். இறைப்பு நின்றதால் ஆழத்துச் சுரங்கங்களில் நீர் ஏறிவிட்டது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் உண்டாக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களின் தடயத்தை 1965இல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்கள் பதிவு செய்த, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்து ஆய்வறையும் இதே ஊரின் அடியில்தான் இருந்தது. நாங்கள் மாரிக்குப்பத்தில் மாலை ரயிலுக்குக் காத்திருந்தபோது, காலையில் உப்பிய பொட்டலம் இன்னும் உப்பியே இருந்தது. தங்கவயலின் தரைமட்டமும் கடலுக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் அல்லவா? அரக்கோணத்தைக் கடந்தபோது அது பழையபடி தளர்ந்திருந்தது.