பொசசிவ்: இதற்குத் தமிழில் என்ன சொல்?

"அவன் என் மேல ரொம்ப பொசசிவ்" என்று சொல்லும்போது பலருக்கும் முகத்தில் லேசாக ஒரு வெட்கம் வரும். ஆங்கிலத்தில் ஒருவரை இப்படிச் சொன்னால் அது குறைதான். கூட இருப்பவரைத் தன் பிடியிலேயே வைத்திருக்கப் பார்க்கிறவர் என்று பொருள். நம் பேச்சுக்குள் வந்ததும் அது எப்படியோ அன்பின் அடையாளமாகிவிட்டது. ராத்திரி 10 மணிக்கு "லைன் ஏன் பிஸியா இருந்தது, யாரோட பேசிட்டிருந்தே, ஸ்கிரீன்ஷாட் அனுப்பு" என்று கேட்பதற்கும் அதே சொல், அதே வெட்கம்.

மூலம் லத்தீன். 'பொஸ்ஸிடேரே' என்ற வினையில் ஆற்றல், தலைமை என்று பொருள்படும் ஒரு வேரும் 'உட்கார்' என்பதும் சேர்ந்திருக்கின்றன; அதாவது ஒன்றின் மேல் எஜமானாக உட்கார்ந்துகொள்வது. ரோமச் சட்டத்தில் நிலம் போன்ற சொத்தைக் கைவசம் வைத்திருப்பதைக் குறித்த சொல்லும் இதிலிருந்து வந்ததுதான்.

ஆங்கில இலக்கணத்தில் 'பொசசிவ்' என்று சொல்வது நம் ஆறாம் வேற்றுமை, 'எனது', 'உனது' என்று வருவது. அதன் பொருளைக் கிழமை என்பார்கள், உரிமை என்று அர்த்தம் (ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிறுக்கு உரிய நாள்). நன்னூல் இதை இரண்டாகப் பிரிக்கிறது: 'எனது கை' என்பது என்னிலிருந்து பிரியாதது, தற்கிழமை, 'எனது வீடு' என்பது என்னைவிட்டுத் தனியே நிற்பது, பிறிதின்கிழமை. எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. 'எனது' என்பதில் இருக்கிற 'அது' என்ற உருபு அஃறிணைப் பொருளுக்குத்தான், உடைமையாகச் சொல்லப்படுவது ஓர் ஆள் என்றால் அந்த உருபு கெட்டு 'கு' வரும் என்கிறது தொல்காப்பியம். 'நம்பி மகன்' (நம்பி என்பவனுடைய மகன்) என்பதை விரித்தால் நம்பியது மகன் இல்லை, நம்பிக்கு மகன். 'எனது மனைவி' என்று இன்று எல்லோரும் எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் பழைய விதிப்படி வீட்டுக்கும் வண்டிக்கும் போடுகிற உருபை மனுஷிக்குப் போடக்கூடாது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? சிலர் 'உரிமை உணர்வு' என்கிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. "உரிமையோட கேக்குறேன், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்பதில் இருக்கிற உரிமை நல்ல உரிமை, அதைக் கெடுக்க வேண்டாம். 'பொறாமை'யும் ஆகாது, அது அடுத்தவரிடம் இருப்பதைப் பார்த்து வருவது. எழுத்தில் 'உடைமை மனப்பான்மை' பொருந்தும், 'உடைமை மனப்பான்மை கொண்டவர்' என்று எழுதலாம். பேச்சில் இதற்கு ஒற்றைச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை, "அவன் என்னை அவனோட சொத்துன்னு நினைக்கிறான்" என்றாலே போதும். முதலில் சொன்ன வாக்கியமும் இதுவும் ஒரே செய்திதான். இரண்டையும் வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.