அஃபென்ஸ் என்றால் புண்படுத்துவது அல்ல

அமெரிக்கக் கால்பந்துச் செய்திகளில் வரும் ‘அஃபென்சிவ் பிளேயர் ஆஃப் தி இயர்’ விருதைச் சிலர் அகராதியில் முதலில் கண்ட பொருளை வைத்து ‘புண்படுத்தும் வீரர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது முழுத்தவறு.

லத்தீனில் ‘ஃபெண்டெரே’ என்றால் அடிப்பது, மோதுவது. எதிரே போய் மோதினால் ‘ஒஃபெண்டெரே’, வருகிற அடியை விலக்கினால் ‘டேஃபெண்டெரே’. ஆக அஃபென்ஸ், டிஃபென்ஸ் இரண்டும் ஒரே வேரில் பிறந்த அக்காள் தங்கை. மனம் புண்படுவதெல்லாம் பிறகு கிளைத்த பொருள், ஆட்டத்துக்கு ஒட்டாது.

ஆட்டத்தில் அஃபென்ஸ் என்பது பந்து யார் கையில் இருக்கிறதோ அந்த அணியின் 11 பேர், நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டியவர்கள். அவர்களில் அந்த சீசனின் சிறந்தவருக்கு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1972 முதல் இந்த விருதைத் தருகிறது. முதலில் வாங்கியவர் வாஷிங்டன் அணியின் லாரி பிரவுன். மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்.வி.பி. விருது வேறு. 2013 முதல் 2024 வரை அது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளுக்கே போனது, அதனால் ஓடுபவர்களும் பந்தைப் பிடிப்பவர்களும் பெரிதும் எதிர்பார்ப்பது இதைத்தான். 2024 சீசனில் 2,005 கெஜம் ஓடிய சேக்வான் பார்க்லிக்கு இது கிடைத்தது, எம்.வி.பி. குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனுக்குப் போனது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தாக்குதல் வீரர்’ என்றால் படைவீரர் நினைவு வருகிறது. ‘தடுப்பாட்டம்’ ஏற்கெனவே புழங்குவதால் அதற்கு இணையாகத் ‘தாக்காட்டம்’ என்பதே என் தேர்வு, விருது ‘ஆண்டின் சிறந்த தாக்காட்ட வீரர்’. தாக்கு என்பது லத்தீன் வேரைப் போலவே மோதுவதைக் குறிக்கும் பழஞ்சொல். ‘பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’ என்கிறது குறள் 486, அதாவது சண்டைக்கிடா பின்வாங்குவது பாய்ந்து மோதத்தான். குவார்ட்டர்பேக்கைப் பாருங்கள், பந்தை வாங்கியதும் பல நேரம் மூன்று தப்படி, ஐந்து தப்படி பின்னால் போய், காலை ஊன்றி, அப்புறம்தான் எறிகிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேர் எறிதலின்போது யாரையும் தாக்கிக்கொண்டு ஓடுவதில்லை, அவர்மேல் பாய்கிறவர்களை மறித்து நிற்கிறார்கள். அவர்களைத் ‘தாக்குபவர்’ என்றால் பொருந்தாது, தாக்காட்டத்தில் இருப்பவர் என்றால் பொருந்தும். ஆனால் 2024 சீசன் வரை அந்த வரிசையிலிருந்து ஒருவருக்குக்கூட இந்த விருது கிடைக்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.