திருடனைத் தூக்கிலிடச் சொன்னது யார்?

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 12 பென்சுக்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. தப்பிக்க ஒரு வழி இருந்தது. முதல்முறை பிடிபட்டவன் நீதிபதி முன் பைபிள் வசனம் ஒன்றை வாசித்துக் காட்டினால், அவனைக் குருமாருக்கு ஒப்பாகக் கருதி, கட்டைவிரலில் சூடு போட்டு விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் 51ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைத்தான் நீட்டுவார்கள். சில வகைத் திருட்டுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. பெண்களுக்கும் முழுமையாகக் கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஏழைதான் கயிற்றில் தொங்கினான்.

இந்தக் கொடுமையை எதிர்த்தவர்களும் பைபிளையே எடுத்து வந்தார்கள். யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தின்படி, மாட்டைத் திருடி விற்றவன் ஐந்து மாடுகளையும், ஆட்டைத் திருடி விற்றவன் நான்கு ஆடுகளையும் ஈடாகத் தர வேண்டும். உயிரைத் தரச் சொல்லவில்லை. கடவுள் கேட்காத உயிரை அரசு பறித்தால் அது கொலை. அப்படியானால் தீர்ப்பு எழுதிய நீதிபதியின் கையிலும் ரத்தம் இருக்கிறது. சட்டச் சீர்திருத்தம் கேட்டுப் போராடிய சாமுவேல் சிட்லி இந்த வாதத்தை 1652இல் சிறுநூலாக அச்சிட்டார், சிவப்பு மையில். பார்த்தவர்களுக்கு அந்த நிறத்தின் பொருளை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

1649இல் மன்னர் தலை துண்டிக்கப்பட்டு, மன்னராட்சி ஒழிந்தது. சம உரிமை கேட்ட லெவலர்கள் என்ற அரசியல் இயக்கத்தினர் அந்த ஆண்டு மே மாதம் வெளியிட்ட அரசியலமைப்பு வரைவு, கொலைக்கும் அதற்கு நிகரான கொடுங்குற்றங்களுக்கும் மட்டுமே மரண தண்டனை என்றது. கடனுக்காகச் சிறை கூடாது, வழக்குகள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்றும் கேட்டது. வேதத்தையே தாய்மொழியில் படித்தவர்கள், தங்கள் தலைவிதியை எழுதும் சட்டம் மட்டும் பழைய பிரெஞ்சிலும் லத்தீனிலும் இருப்பதை ஏன் பொறுக்க வேண்டும்? 1650இல் நாடாளுமன்றம் ஆங்கிலத்துக்கு மாறச் சட்டம் இயற்றியது.

ஆனால் பைபிளில் உள்ள இந்த மோசேயின் சட்டம் இருபுறமும் வெட்டும் வாள். அதே 1650இல், அதைப் பின்பற்றியே, பிறன்மனை நாடுதலுக்கு மரண தண்டனை என்ற சட்டமும் வந்தது. வேதத்தை வரிக்கு வரி சட்டமாக்குவதில் உள்ள ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. திருடனைக் காத்த வாதத்தின் வலிமை எனக்கு வசனத்தில் தெரியவில்லை; பொருளுக்கு உயிர் ஈடாகாது என்ற அறவுணர்வில்தான் தெரிகிறது.

கிறிஸ்துவின் ஆட்சி நெருங்கிவிட்டது என்று நம்பிய தீவிரர்கள் 1653இல், தேர்தல் இல்லாமல் உறுப்பினர்களை நியமித்து அமைத்த ‘நியமன நாடாளுமன்ற’த்தில் இடம்பெற்றார்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்ட சான்சரி நீதிமன்றத்தையே ஒழிக்க ஆகஸ்டில் அந்த அவை வாக்களித்தது. வழக்கறிஞர்களும் நிலவுடைமையாளர்களும் மிரண்டார்கள். டிசம்பர் 12 அன்று மிதவாத உறுப்பினர்கள் அதிகாரத்தை, அந்த அவையைக் கூட்டிய படைத்தலைவர் கிராம்வெல்லிடமே ஒப்படைக்க, அவை கலைந்தது.

1660இல் மன்னராட்சி திரும்பியதும் 1650இன் இந்தச் சட்டங்கள் செல்லாதவையாயின. நீதிமன்றத்தில் ஆங்கிலத்தை நிலைநிறுத்த 1731இல் மீண்டும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஆடு திருடியவனுக்குத் தூக்கு என்ற விதி 1832இல்தான் ஒழிந்தது.