தடுப்பாளரின் கைநீளம்: என்.எஃப்.எல் அணிகள் உண்மையில் எதை அளக்கின்றன?

2025ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் நகரில், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல் நடத்திய கம்பைன் என்னும் உடற்திறன் சோதனையில், லூசியானா மாநிலப் பல்கலைக்கழக வீரர் வில் கேம்பெல்லின் கையை அளந்தபோது 32⅝ அங்குலம் வந்தது. பின்னர் அவருடைய பல்கலைக்கழகத்திலேயே நடந்த சோதனை நாளில் அதே கை 33 அங்குலம் இருந்தது. இடையில் கை வளர்ந்துவிடவில்லை. தோள் எலும்பின் முனையைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கிருந்து நடுவிரல் நுனிவரை நாடா பிடிக்கும் அளவை இது. முனையை எங்கே வைப்பது என்பதிலும் தோளை எப்படி வைத்திருக்கிறார் என்பதிலும் சிறிது வேறுபட்டாலே அளவு மாறிவிடும். ஆனாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் ஓரத்தில் டேக்கிளாக ஆடத் தகுந்தவரா, உள்ளே கார்டாக மாற்றப்பட வேண்டியவரா என்று வாரக்கணக்கில் விவாதம் நடந்தது.

அமெரிக்கக் கால்பந்தில் பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து தடுப்பாளர்கள் நிற்பார்கள். நடுவே சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். மொத்தமாக ஆஃபென்சிவ் லைன்மேன்கள் என்று பெயர். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரும் எதிரணி ரஷர்களை இரண்டரை, மூன்று நொடிகள் தடுத்து நிற்பதும், பந்தைச் சுமந்து ஓடுபவருக்கு வழி திறந்து கொடுப்பதும் இவர்களின் வேலை. ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைப் பின்னால் தரும் சென்டரைத் தவிர மற்றவர்கள் பந்தைத் தொடுவதே அரிது. அதனால் இத்தனை கஜம் ஓடினார், இத்தனை புள்ளி எடுத்தார் என்று எழுத இவர்கள் பெயரில் கணக்கு எதுவும் சேர்வதில்லை. ஏப்ரல் இறுதியில் 32 அணிகளும் 7 சுற்றுகளில் கல்லூரி வீரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் டிராஃப்டில், இப்படிக் கணக்கில்லாத வீரரை மதிப்பிடுவதுதான் கடினமான வேலை.

எண் இல்லாத இடத்தில் எண்ணைத் தருவது கம்பைன். 40 கஜ ஓட்டம் (36.6 மீட்டர்), அதன் முதல் 10 கஜத்துக்கான நேரம், நின்ற இடத்திலிருந்து நெடுந்தாண்டல், செங்குத்துத் தாவல், 225 பவுண்டு (102 கிலோ) எடையை மல்லாந்து படுத்து எத்தனை முறை தூக்க முடிகிறது என்னும் பெஞ்ச் பிரஸ் ஆகியவை அங்கே நடக்கின்றன. இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: வீரர் தானே முடிவு செய்து, தான் விரும்பிய கணத்தில், தெரிந்த திசையில் அசைகிறார். தடுப்பாளரின் தொழிலோ, தனக்குத் தெரியாத திசையில் வரும் இன்னொருவரின் அசைவுக்குப் பதில் சொல்வது. எறிதலைக் காக்கும்போது அவர் முன்னோக்கி ஓடுவதில்லை, பின்னோக்கியும் பக்கவாட்டிலும் நகர்கிறார். 40 கஜத்தை நேர்கோட்டில் ஓடவேண்டிய தேவை ஒரு டேக்கிளுக்கு ஓர் ஆட்டத்தில் ஒருமுறை வந்தாலே அதிகம்.

டேக்கிளின் நகர்வில் ஒளிந்திருக்கும் வடிவக்கணிதத்தைப் பார்ப்போம். ரஷர் ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கை அடைய வளைந்த பாதையில் ஓடவேண்டும். டேக்கிள் அந்த வளைவின் உட்பக்கத்தில் இருப்பதால் அவருக்குக் குறைந்த தூரமே போதும். பந்து எந்தக் கணத்தில் நகரும் என்பதும் அவருக்கு முன்பே தெரியும். இந்த இரண்டு சலுகைகளால்தான் 140 கிலோ மனிதர் 115 கிலோ மனிதரைத் தடுக்க முடிகிறது. ஆனால் வெளிப்பக்கம் வேகமாகப் போகவேண்டும் என்ற பதற்றத்தில் அவர் ஓரடி கூடுதலாக நகர்ந்துவிட்டால், ரஷர் சட்டென்று உட்பக்கம் வெட்டி நேர்வழியில் போய்விடுவார். ஆகவே பார்க்கவேண்டியது கால் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை மட்டுமல்ல, நகர்ந்த கால் தரையில் பட்டதும் எதிர்த்திசைக்குத் திரும்ப இடுப்பு ஆயத்தமாக இருக்கிறதா என்பதை. முழங்காலைத் தாண்டித் தலை முன்னே சாய்ந்திருந்தால் திரும்ப முடியாது. 

ரஷர் வளைந்து போகாமல் நேரே மார்பில் மோதித் தள்ளும்போது கணக்கு வேறு. 140 கிலோ எடையுள்ளவர் மீது புவியீர்ப்பு செலுத்தும் விசை ஏறத்தாழ 1,370 நியூட்டன். அவருடைய பின்கால், ஈர்ப்பு மையத்துக்கு 40 சென்டிமீட்டர் பின்னால் ஊன்றியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் தள்ளினால் சுமார் 457 நியூட்டனிலேயே அவர் பின்பக்கம் சாயத் தொடங்குவார். இடுப்பை இறக்கி அந்த மோதலை 0.9 மீட்டரில் வாங்கினால் 610 நியூட்டன் தேவைப்படும். 30 சென்டிமீட்டர் தாழ்ந்ததற்கே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உறுதி. கால்கள் அசைந்துகொண்டே இருக்கும் நிஜ ஆட்டத்தில் இவ்வளவு நேர்த்தியாகக் கணக்கு அமையாது என்றாலும், தாழ்ந்து நிற்பவர் வெல்வார் என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் கத்துவதற்குப் பின்னால் இருப்பது இந்தத் திருப்புவிசைதான். உயரமானவர்களையே தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, குனியச் சொல்லிக் கொடுக்கும் விளையாட்டு இது.

இப்போது கைநீளம். டேக்கிளுக்கு 34 அங்குலம் வேண்டும், 33க்குக் கீழே போனால் கார்டுதான் என்பது நெடுநாளைய எழுதப்படாத விதி. நீண்ட கை எதிராளியை முன்னதாகவே தொட்டுவிடும் என்பார்கள். இருவரும் ஒருவரையொருவர் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நெருங்குவதாகக் கொண்டால், ஓர் அங்குலம் தரும் முன்னணி 5 மில்லிநொடி. கேம்பெல்லின் ⅜ அங்குலம் தருவது 2 மில்லிநொடி. கண்ணால் ஒன்றைக் கண்டு உடல் அசைவதற்கே 200 மில்லிநொடியளவு ஆகும்போது இந்த முன்னணியால் பெரிய பயன் இருக்க முடியாது. கையின் பயன் நேரத்தில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது: என் உள்ளங்கை அவர் மார்பில் பதிந்து, முழங்கை நீண்டு நின்று, அவர் கை என் மார்பை எட்டாமல் இருக்கும் அந்த இடைவெளி. அது கிடைப்பது கை எவ்வளவு நீளம் என்பதோடு, அது எப்போது கிளம்புகிறது, எங்கே பதிகிறது என்பதையும் பொறுத்தது. நாடாவால் நீளத்தை மட்டுமே அளக்க முடியும்.

2018 கம்பைனில் ஓக்லஹோமா பல்கலைக்கழக டேக்கிள் ஆர்லாண்டோ பிரவுன் 40 கஜத்தை ஓட 5.85 நொடி எடுத்துக்கொண்டார். பெஞ்ச் பிரஸ் 14 முறைதான். இவ்வளவு மோசமான எண்கள் எவரையும் அச்சுறுத்தும். மூன்றாம் சுற்றில் 83ஆவது ஆளாகப் பால்டிமோர் ரேவன்ஸ் அணி எடுத்த அவர், பின்னர் ஆண்டின் சிறந்த வீரர்களுக்கான கௌரவமான புரோ பௌலுக்கு நான்கு முறை தேர்வானார். எண்களை நம்பாதே என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் அவசரம்தான். கம்பைனுக்கு அழைக்கப்படுபவர்கள் ஏற்கெனவே பலமுறை சலிக்கப்பட்டவர்கள். அளவில் எல்லோரும் ஒருவருக்கொருவர் மிக நெருங்கியிருப்பதால், அவர்களுக்குள் இருக்கும் சிறு வேறுபாடு வெற்றியை முன்கூட்டிச் சொல்லாது. புள்ளியியலில் இதை வீச்சுக் குறுக்கம் என்பார்கள். சோதனை பயனற்றது என்பதல்ல, அதன் வேலையில் பெரும்பகுதி முன்பே முடிந்துவிட்டது என்பதே பொருள். எனக்குத் தெரிந்தவரை கம்பைனின் மிக மதிப்புள்ள பகுதி தொலைக்காட்சியில் வராத மருத்துவப் பரிசோதனைதான். 1982இல் இது தொடங்கப்பட்டதே அதற்காகத்தான்.

ஆகவே அணிகள் கடைசியில் காணொளிக்கே திரும்புகின்றன. அங்கும் கண்கட்டு உண்டு. இன்றைய கல்லூரி ஆட்டத்தில் பந்து ஒன்றரை நொடியில் கையைவிட்டுப் போய்விடும் எறிதல்கள் ஏராளம்; அவற்றில் எந்தத் தடுப்பாளரும் நன்றாகவே தெரிவார். அதனால் அத்தகைய எறிதல்களையும், ஓடுவதுபோல் பாவனை காட்டும் உத்திகளையும் கழித்துவிட்டு, குவார்ட்டர்பேக் பின்வாங்கி நின்று காத்திருந்த ஆட்டங்களை மட்டும் எண்ணுகிறார்கள். எதிரே நின்றவர் யார் என்பதற்கும் எடை உண்டு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ரஷான் ஸ்லேட்டர் 2020 பருவம் முழுவதும் ஆடவே இல்லை, கையும் 33 அங்குலம்தான். ஆனால் 2019இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக ரஷர் சேஸ் யங்கை அவர் எதிர்கொண்ட ஆட்டம் பதிவில் இருந்தது. அந்த யங் அடுத்த டிராஃப்டில் இரண்டாவது ஆளாகப் போனவர். ஸ்லேட்டரைச் சார்ஜர்ஸ் அணி 2021இல் 13ஆவதாக எடுத்து இடது ஓரத்தில் டேக்கிளாகவே நிறுத்தியது. முதல் ஆண்டிலேயே அவர் புரோ பௌலுக்குத் தேர்வானார். கேம்பெல்லையும் பேட்ரியாட்ஸ் அணி நான்காவதாக எடுத்து அதே இடத்தில்தான் நிறுத்தியது.

காணொளியே இல்லாதவரை என்ன செய்வது? ஆஸ்திரேலிய ரக்பி லீக்கிலிருந்து வந்த ஜோர்டன் மைலாட்டா அமெரிக்கக் கால்பந்தை ஒருமுறைகூட ஆடியதில்லை. இருந்தது 6 அடி 8 அங்குல உடலும், அந்த உடலுக்குப் பொருந்தாத கால்வேகமும். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரை 2018இல் கடைசிச் சுற்றில் 233ஆவதாக எடுத்தது. தவறினாலும் பெரிய நட்டமில்லாத விலை அது. என்.எஃப்.எல் பருவ ஆட்டம் ஒன்றில் அவர் களமிறங்க 2020 வரை காத்திருந்தார்கள்.